ஏரோட்ரத்தில் மாசி மழை

இரண்டாவது கல் கிறிஸ்டியின் இடது தோளில் விழுந்தது. முதல் கல் குறி தவறி, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த இரும்புக் கதவில் மோதி உதிர்ந்திருந்தது. வலி சுளீரென்று உச்சந்தலை வரை ஏறியது. ஆனாலும் அவள் நகரவில்லை. நகர்ந்தால் மூன்றாவது கல் பின்னால் நிற்கும் முதலாளி கலைச்செல்வனின் மண்டையைப் பதம் பார்க்கும். அந்த மண்டை வேலை செய்தால்தான் அவளுடைய அடுப்பு எரியும்.

“பேசுறதுன்னா சீக்கிரம் பேசுங்க சார். எனக்கு இன்னும் ஒரு தோள்தான் பாக்கி” என்றாள்.

எதிரே நூறு பேருக்குக் குறையாத கூட்டம். மழையில் நனைந்தது இன்னும் காயாமல், உடம்பெல்லாம் சோளத் தூசி ஒட்டி, கண் சிவந்து நின்றார்கள். ஆளுக்கொரு கம்பு, கல். முன்வரிசையில் ஒருவன் கையில் பெட்ரோல் கேன் இருந்தது. கதவருகே ஒற்றை ஆளாக நின்ற கான்ஸ்டபிள் அறிவரசன் லத்தியைக் குறுக்கே பிடித்திருந்தான். போலீஸ் வேன் வந்துகொண்டிருக்கிறது என்று அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், பாவம்.

கதவுக்கு அந்தப் பக்கம் ராஜவேல் இருந்தான். சென்னையில் பிறந்து வளர்ந்த சர்வேயர். மனைவி இலக்கியாவின் ஊரான பெரம்பலூரில் குடியிருக்கிறான். இந்த இடத்தைக் கேட்டிருக்கும் ஒரு கம்பெனிக்காக இரண்டு வாரமாக இங்கே நிலம் அளந்துகொண்டிருந்தான். இன்று மத்தியானம் அமிர்தசாமி வாத்தியாரின் பிணத்துக்குப் பக்கத்தில், சட்டை முழுக்க ரத்தத்தோடு ஊர் அவனைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் பின்னி எடுத்தது. எப்படியோ திமிறி ஓடி, இந்தக் கட்டடத்துக்குள் புகுந்து உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். கீழே கிடந்தவரைத் தூக்கப் பார்த்ததில்தான் சட்டையில் ரத்தம் ஒட்டியது என்று உள்ளேயிருந்து மனைவிக்குப் போன் செய்து சொன்னான். அவள் பெரம்பலூரில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் கலைச்செல்வனுக்குப் போன் செய்து, பேச முடியாமல் அழுதாள். வேறு வேலையாக அரியலூரில் இருந்த கலைச்செல்வனும் உதவியாளர் கிறிஸ்டியும் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கட்டடம் ஜன்னல் இல்லாதது. இரண்டடிச் சுவர். உலகப் போர் சமயத்தில் வெள்ளைக்காரன் குண்டு அடுக்கி வைக்கக் கட்டியது. ஊருக்குள் இன்னமும் அதற்குக் குண்டு ரூம் என்றுதான் பேர். வெடித்தால் வெளியே தெரியக்கூடாது என்று கட்டினானோ என்னவோ, கதவு மட்டும் அசைய மாட்டேனென்றது. அதனால்தான் பெட்ரோல் வந்திருக்கிறது. கதவின் அடியில் ஊற்றிக் கொளுத்திவிட்டால் உள்ளே இருப்பவன் புகையிலேயே போய்ச் சேர்ந்துவிடுவான்.

தா.பழூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த ஓடைமேட்டுக்கு அந்த வெள்ளைக்காரன் செய்துவிட்டுப் போனது கொஞ்சநஞ்சமல்ல. 1943-இல் பத்தே நாள் கெடு கொடுத்து, மூன்று ஊர் நிலத்தைப் பிடுங்கி, மேலே காங்கிரீட் போட்டு ஏரோட்ரம் ஆக்கினான். சண்டை முடிந்ததும் நிலம் திரும்ப வரும் என்றான். சண்டை முடிந்தது, விமானம் போனது, அவனும் போனான். நிலம் வரவில்லை. ஜனங்கள் என்ன செய்வார்கள்? எந்தக் குடும்பத்தின் நிலம் காங்கிரீட்டுக்கு அடியில் போனதோ, அந்தக் குடும்பம் அதே இடத்துக்கு நேர் மேலே தன் விளைச்சலைக் காயவைக்க ஆரம்பித்தது. வேலி கிடையாது, பட்டா கிடையாது. ஆனால் மூன்று தலைமுறையாக ஒருத்தன் இடத்தில் இன்னொருத்தன் ஒரு கை எள் கொட்டியதில்லை. ரிட்டயர்டு வரலாற்று வாத்தியார் அமிர்தசாமி அந்தச் சோளம் காயும் இடங்களை வைத்தே பழைய வயல்களின் வரைபடத்தைப் போட்டுவிட்டார். வரும் திங்கட்கிழமை அது கோர்ட்டுக்குப் போவதாக இருந்தது. அப்படிப்பட்ட மனிதரைத்தான் மண்டையைப் பிளந்து போட்டிருந்தார்கள். கூட்டத்தின் ஆத்திரத்தில் தப்பில்லை என்று கிறிஸ்டிக்கே பட்டது. ஆளை மாற்றிக் கொளுத்தப் போகிறார்களோ என்பதுதான் பயம்.

கலைச்செல்வன் இரண்டு கைகளையும் தூக்கினார். பத்து வருஷம் பயிர்ச் சேதம் மதிப்பிடும் வேலையில் இந்தப் பக்கத்து வரப்பெல்லாம் அலைந்தவர். கூட்டத்தில் வயசான ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். ஆபீசிலிருந்து வந்த ஆட்களிலேயே வயலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிய ஒரே ஆள் இவர்தான் என்று மற்றவர்களிடம் சொன்னார். கலைச்செல்வன் அந்த இடுக்கில் நுழைந்தார். கால் மணி நேரம் கொடுங்கள், பிணம் கிடக்கும் இடத்தை ஒரு தடவை பார்க்கிறேன், அவன்தான் செய்தான் என்றால் நானே ஒதுங்கிக்கொள்கிறேன் என்றார்.

“கால் மணி நேரத்துல வேன் வந்துரும். அப்பறம் வக்கீல் வந்துருவான். இவன் வெளிய வந்து திரும்பவும் நம்ம நெலத்த அளப்பான்” என்றான் அசோக். நில மீட்புக் குழுவின் செயலாளர். இருபத்தெட்டு வயது. வாத்தியாரின் கையைப் பிடித்து எழுதப் பழகியவன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் பக்கத்தில் கையில் அடுத்த கல்லோடு நின்றவள் அவன் அம்மா மலர்கொடி. ராஜவேலின் புருவத்தைப் பிளந்தது அவள் கல்தானாம்.

கலைச்செல்வனை அடையாளம் கண்ட பெரியவர், கால் மணி நேரம் கொடுப்போம் என்றார். பாதிக் கூட்டம் கதவருகே நின்றுகொண்டது, மீதி இவர்கள் பின்னால் நடந்தது.

பிணம் இருநூறு அடி தள்ளி ஓடுதளத்தின் மேல் கிடந்தது. மேலே ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். கலைச்செல்வன் அதை விலக்கிய ஒரு நொடியில் கிறிஸ்டி பார்த்ததே போதுமானதாக இருந்தது. பின்மண்டை உள்வாங்கிப் போயிருந்தது. பக்கத்தில் கட்டை விரல் பருமனுக்கு ஒரு இரும்பு முளை கிடந்தது. அந்தக் காலத்தில் காற்றில் விமானம் புரளாமல் இழுத்துக் கட்ட அடித்தது, இப்போது ஆடு கட்ட உதவுகிறது. ஒரே அடியாக இருக்க முடியாது, நாலைந்தாவது இருக்கும். வெறி பிடித்த கை என்று அவளுக்குத் தோன்றியது.

“மழ எல்லாத்தயும் கழுவிட்டுப் போயிடுச்சு சார். ரேகை, தடம், ஒண்ணுமில்ல. மழைக்கும் கொலகாரனுக்கும் ஏதோ உறவுமுற இருக்கு போல.”

கலைச்செல்வன் ஊர்க்காரர்களை விசாரித்தார். சொன்னார்கள். கம்பெனிக்கு எதிராகப் பதினோரு மணிக்குச் சாலை மறியல்; ஊர் மொத்தமும் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. முழங்கால் வலியென்று வாத்தியார் மட்டும் சோளத்துக்குக் காவலாக இங்கே இருந்தார். மாசி மாசத்தில் மழையை எவன் நினைத்தான்? ஒன்றரை மணிக்கு எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து இருபது நிமிஷம் கொட்டித் தீர்த்தது. மறியலைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். வருவதற்குள் அத்தனை பேர் சோளமும் நாசம். மலர்கொடியின் குவியல் ஒன்றுதான் தப்பியது. வாத்தியார் கடைசி மூச்சுக்கு முன்னால் தன்னால் முடிந்த ஒரு குவியலையாவது கூட்டி மூடிவிட்டுத்தான் செத்திருக்கிறார் என்று சொல்லும்போதே பெண்கள் விம்மினார்கள்.

அந்தக் குவியல் பிணத்தை ஒட்டியே இருந்தது. மேலே வெள்ளையாக ஒரு ப்ளெக்ஸ், சுற்றிலும் கற்கள். கலைச்செல்வன் பிணத்தின் பக்கமாக உட்கார்ந்து, இரண்டு கல்லை நகர்த்தி, ப்ளெக்ஸின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே சோளம் பொன்னாக, காய்ந்த மேனிக்கு இருந்தது. ஒரு சாண் தள்ளி மஞ்சள் நிறம் முடிந்துபோனது. அங்கே மணிகள் கருஞ்சிவப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அதில் ஒரு கொத்து நரைமுடியும் இருந்தது.

“பாத்தியா?” என்றார் மெல்ல.

“பாக்காம இருந்திருக்கலாம். மொதல்ல ரத்தம், அப்பறம் ப்ளெக்ஸ்.”

அவர் எழுந்து அதையே கூட்டத்துக்குச் சொன்னார். ரத்தம் சோளத்தின் மேல் தெறித்திருக்கிறது, அதன் மேல் ப்ளெக்ஸ் வந்திருக்கிறது. மண்டை பிளந்த பிறகு வாத்தியார் எழுந்து சோளம் மூடியிருக்க முடியாது. மூடியது கொன்றவன்தான். மழை வருவதைப் பார்த்திருக்கிறான், ஐயோ சோளம் நனைகிறதே என்று கை தானாகப் போயிருக்கிறது.

கிறிஸ்டி விடாமல் சேர்த்துக்கொண்டாள். “உள்ள இருக்கிறவரு சென்னக்காரருங்க. அவருக்குச் சோளம்னா தியேட்டர்ல டப்பால விக்கிறது. அது நனைஞ்சா மொளச்சிரும்னு அவருக்கு எங்க தெரியப் போவுது?”

கூட்டத்தில் ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்ரோல் கேன்காரன் கேனைக் கீழே வைத்தான். அப்படியானால் நம்மில் ஒருத்தனா என்ற கேள்வி அத்தனை கண்ணிலும் ஓடியது.

அசோக்தான் முதலில் பேசினான். ரத்தத்தை மறைக்க மூடியிருப்பான், சோளத்தைக் காப்பாற்ற என்று யார் சொன்னது என்று கேட்டான். நல்ல கேள்வி. கலைச்செல்வனே தலையாட்டி ஒத்துக்கொண்டார். பிறகு மலர்கொடியின் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, ஒங்க சோளம் மூடுற படுதா எங்க?”

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. மறியலில் கிடக்கிறது என்றாள். தார் ரோடு சுட்டது, உட்கார விரிக்க எல்லோரும் படுதாவைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது. அவள் கண் குவியலுக்குப் போனது. ஓடுதளத்தின் நீளத்துக்கும் கிறிஸ்டி பார்த்தாள். நனைந்து ஊறிய குவியல் குவியலாகச் சோளம்; மருந்துக்குக்கூட ஒரு படுதா இல்லை.

“ஊர்ப் படுதா மொத்தமும் ரோட்டுல. அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?” என்றார் கலைச்செல்வன்.

“அவன் கார்ல இருந்திருக்கும்” என்றான் அசோக்.

“இருக்கலாம் தம்பி. திருப்பிப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது. கிறிஸ்டி.”

கிறிஸ்டி குனிந்து ப்ளெக்ஸின் விளிம்பைப் பிடித்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பிணத்தருகே வந்ததிலிருந்து அசோக் இந்தக் குவியலை விட்டு நாலடி தள்ளி நின்றதில்லை.

“எங்கம்மா சோளத்தத் தொடாத. நனைஞ்சிடும்.”

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் அவன் சோளம் கூட்டும் தள்ளுபலகையை இரண்டு கையாலும் ஓங்கிவிட்டான். ஒதுங்க நேரமில்லை. கையைக் குறுக்கே நீட்டினாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த அடி இடுப்பில் இறங்கியது. பின்பக்கமாக விழுந்தாள். விழுந்தவள் மற்றொரு கையில் பிடித்த ப்ளெக்ஸை விடவில்லை. கற்கள் உருள, அது குவியலை விட்டு உரிந்து, அவளோடு சேர்ந்து காங்கிரீட்டில் மல்லாந்தது.

அச்சடித்த பக்கம் இப்போது மேலே இருந்தது. ‘எங்கள் நிலம் எங்களுக்கே’ என்று கொட்டை எழுத்து. கீழே இன்றைய தேதி, மாபெரும் சாலை மறியல். நடுவில் கைகூப்பிச் சிரிக்கும் ஆளுயர அசோக். சிரித்த வாயில் ரத்தத்தோடு சோளம் ஒட்டியிருந்தது.

பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். இந்தப் பேனரை வாங்கிவரத்தானே காலையில் இவன் ஜெயங்கொண்டம் போனான்? கடையில் கரண்ட் இல்லை, அடிக்கவே இல்லை என்று மழை விட்ட பிறகு வெறுங்கையோடுதானே வந்தான்?

அசோக் கையிலிருந்த பலகை நழுவியது. கிறிஸ்டிக்கு வலியில் கண் இருட்டியது, ஆனாலும் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அவன் கலைச்செல்வனைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தான்.

“மழ வந்துடுச்சும்மா. கையில அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

“வாத்தியார ஏன்டா?” என்றாள் மலர்கொடி.

திக்கித் திணறிச் சொன்னான். பேனரோடு திரும்பும் வழியில், வாத்தியாருக்குக் காட்டலாமென்று ஏரோட்ரத்துக்குள் வண்டியைத் திருப்பியிருக்கிறான். மூன்று நாளாக மனசில் வைத்திருந்ததை அவர் அப்போதுதான் சொன்னார். பங்குக் கோயிலின் பழைய புதைப்புப் பதிவேட்டில் சின்னப்பன் என்று ஒரு பேர். நிலத்தை விட்டுப் போக மாட்டேன் என்று மல்லுக்கு நின்றதால் வெள்ளைக்காரனுக்கு ஆள் விரட்டிய கங்காணி காத்தான் கடப்பாரையால் அடித்துக் கொன்றான் என்று அன்றைய பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். காத்தான், அசோக்கின் பூட்டன். மலர்கொடி சோளம் காயவைக்கும் இடம் சின்னப்பனின் வயல், காத்தான் பிறகு தன்னுடையதென்று பிடித்துக்கொண்டது. உண்மையை மறைத்து வரைபடம் கொடுக்க என்னால் முடியாதுப்பா, அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்றேன் என்று அவன் தோளில் கை வைத்திருக்கிறார். நில மீட்புக்கு மைக் பிடித்தவன் நிலம் பறித்தவனின் வாரிசு என்று ஊர் சிரிக்கும். அம்மாவைக் களத்தை விட்டு விரட்டும். முளை கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

பேச்சு முடியக்கூட விடவில்லை. பெட்ரோல் கேன்காரன் ஓடிவந்து விட்ட உதையில் அசோக் சுருண்டான். அப்புறம் எத்தனை கால், எத்தனை கம்பு என்று எண்ண முடியவில்லை. சற்றுமுன் ஆளை மாற்றி அடித்த வெட்கமும் சேர்ந்துகொள்ள, கூட்டம் இரண்டு மடங்கு வெறியோடு இறங்கியது. கலைச்செல்வன் நடுவே பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அவர் முதுகிலும் நாலு விழுந்தது.

“சார், வந்ததுலேருந்து தப்பான ஆளுக்காகவே அடி வாங்குறோம்” என்று முனகிக்கொண்டே கிறிஸ்டி எழுந்து, உடைந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி இன்னொரு கையால் அசோக்கின் இடுப்பைப் பிடித்தாள். அவளுக்கு அவன் மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. வாத்தியாரின் நரைமுடி கண்ணிலேயே நின்றது. ஆனால் கண்ணெதிரே ஒரு ஆளை மிதித்தே கொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

ஒளிய ஒரே இடம்தான் இருந்தது. இருநூறு அடியும் அடி வாங்கிக்கொண்டே அவனை இழுத்துப் போய்க் குண்டு ரூம் கதவில் சாய்த்தார்கள். அறிவரசன் லத்தியைச் சுழற்றி ஒரு வட்டம் போட்டான். அது எத்தனை நேரம் தாங்கும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. வேனின் சைரன் மெயின் ரோட்டுப் பக்கம் மெல்லக் கேட்டது. வந்து சேர இன்னும் ஐந்து நிமிஷமாவது ஆகும்.

கலைச்செல்வன் கதவைத் தட்டி, ராஜவேல், உண்மை தெரிந்துவிட்டது, இப்போது இவனைக் கொல்லப் பார்க்கிறார்கள், கதவைத் திற என்று கத்தினார்.

உள்ளேயிருந்து “திறந்தா என்னையும் சேர்த்துக் கொல்லுவாங்க. நான் மாட்டேன்” என்றது ஒரு உடைந்த குரல். அதில் பொய்யில்லை என்று கிறிஸ்டிக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரமாக அந்த இருட்டில் ரத்தம் ஒழுக உட்கார்ந்திருப்பவனிடம், உன்னை மாட்டிவிட்டவனைக் காப்பாற்று என்று எந்த வாயால் கேட்பது?

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மலர்கொடி வந்தாள். மகன் பக்கம் திரும்பவில்லை. கதவில் நெற்றியை வைத்தாள்.

“தம்பி, நாந்தான் ஒம்மேல கல்லெறிஞ்சவ. இது எம்மவன். வாத்தியாரக் கொன்னது இவந்தான். ஒன்ன அடிக்க வச்சதும் இவந்தான்.” மூச்சு வாங்கினாள். “போலீசு வர்ற வரைக்கும் உள்ள விடு சாமி. தூக்குல போடட்டும், நான் கேக்க மாட்டேன். எங்கண்ணு முன்னால மட்டும் வேணாம்.”

ஒரு கல் வந்து அவள் முதுகில் விழுந்தது. அவள் அசையவில்லை. அடுத்த கல்லுக்குக் கிறிஸ்டி குறுக்கே போய் நின்றாள். கேனையும் தூக்கி வந்திருந்தார்கள்; யாரோ அதன் மூடியைத் திருகினார்கள்.

அப்போது கதவுக்குப் பின்னால் இரும்போடு இரும்பு உரசியது. தாழ்ப்பாள் விலகி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் கதவு திறந்தது. ரத்தம் காய்ந்த ஒரு கை வெளியே நீண்டு, அசோக்கின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.